மூன்றாம் சங்கில் அழுத பதினெட்டுப் பேர்

மாறவேந்தன் என்கிற எங்கள் வேந்தர் நடித்ததில் மறக்க முடியாத படம் எது என்று எங்கள் மன்றத்தில் எப்போது ஓட்டெடுத்தாலும் ‘மூன்றாம் சங்கு’தான் முதலில் வந்து நிற்கும். எனக்கு அதில் சம்மதம் கிடையாது. ‘ரெண்டு ஆள் கூலி’யில் சுமைதூக்கும் இரட்டையராக வருவாரே, அண்ணன் முதுகு ஒரு மாதிரி வளையும், தம்பி முதுகு வேறு மாதிரி வளையும், முகத்தைக் காட்டாமலே எவன் எவன் என்று நமக்குத் தெரிந்துவிடும். ‘சுங்கச்சாவடி சுந்தரம்’ படத்தில் வாங்கிய லஞ்சத்தை ஒளிக்க இடம் தெரியாமல் ஏழு நிமிஷம் ஒரு வார்த்தை பேசாமல் அலைவார். தியேட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். இதையெல்லாம் தள்ளிவிட்டு, ஜனங்களுக்கு அவர் செத்துக் கிடக்கிற சீன்தான் வேண்டியிருக்கிறது. நான் எவ்வளவு கத்தினாலும் எடுபடுவதில்லை.

நான் தங்கதுரை. சித்திரபுரத்தில் கரண்ட் போர்டு லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாறவேந்தன் ரசிகர் மன்றத்துக்கு முப்பத்தாறு வருஷமாகச் செயலாளர், ஏனென்றால் வேறு எவனும் அந்த வேலைக்கு வரமாட்டேன் என்கிறான். மன்றத்தின் பக்கத்தை ஃபோனில் பார்த்துக்கொள்வது என் மகள் சிஞ்சு. பகலில் வில்லேஜ் ஆபீஸில் கிளார்க், மற்ற நேரமெல்லாம் வேந்தருக்கு வாழ்த்து.

‘மூன்றாம் சங்கு’ பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வேந்தர் அதில் எஸ்டேட் தொழிலாளர் தலைவர். கூலிப்படை சுட்டுவிடும். ஆஜர் போடும் மஸ்டர் ஷெட்டில் அவரைச் சவப்பெட்டியில் கிடத்தியிருப்பார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள் பதினெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஒரு தடவை ஊதும், இரண்டாம் தடவை ஊதும், மூன்றாம் தடவையும் ஊதும். ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். அதோடு படம் முடியும்.

எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. “தலைவரின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா பாருங்கள், நாலு நிமிஷம் மூச்சை அடக்கியிருக்கிறார், இது அல்லவா நடிப்பு” என்று துபாயிலிருந்து ஒருவன் எழுதுகிறான். அவனுக்கு நூற்றுக்கணக்கில் லைக். சிஞ்சு என்னைப் பார்ப்பாள். நான் “பேசாம இரு” என்பேன். ஏனென்றால் அந்தப் பெட்டியில் கிடப்பது வேந்தர் இல்லை. எங்கள் அமிர்தநாதன்.

அமிர்தத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவன் அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில், லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டின் சுவர் விழுந்து போனார்கள். அப்போது அவனுக்கு ஒன்பது வயசு. அப்புறம் யார் வீட்டில் கஞ்சி வெந்ததோ அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தான். பதினாறில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கும்பலில் சேர்ந்தான். வேலை முடிந்து வந்தால் தன் அறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பான். லயத்தில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் குறைவு; கங்காணிக்கு அவன் நாற்பத்திரண்டாம் நம்பர். எனக்கு மட்டும் கூட்டாளி. அவன் பேசவே மாட்டான், நான் நிறுத்த மாட்டேன், அதனால் ஒத்துப்போயிற்று.

எண்பத்தாறில் படம் பிடிக்க வந்தார்கள். வேந்தருக்கு அந்த வருஷம் கண்டம், பெட்டியில் படுக்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். முகத்தை மட்டும் அப்புறம் மெட்ராஸில் பூ மெத்தையில் வைத்து எடுத்துக்கொண்டார்கள். இங்கே பெட்டியில் படுக்க அதே உயரம், அதே தோள் உள்ள ஆளைத் தேடினார்கள். அமிர்தம் அகப்பட்டான். மீசை ஒட்டினார்கள், நெற்றியில் காயம் வரைந்தார்கள். படுத்துவிட்டான்.

அழுவதற்கு வந்த பதினெட்டுப் பேரும் எங்கள் எஸ்டேட் பெண்கள். டைரக்டர் “தலைவரேன்னு சொல்லி அழுங்கம்மா” என்றார். வரவில்லை. யாரென்றே தெரியாத தலைவருக்கு எப்படி ஒப்பாரி வரும்? கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருத்தி “அமிர்தநாதா” என்று எடுத்தாள். அவ்வளவுதான், பதினெட்டும் பிடித்துக்கொண்டது. குரலை அப்புறம் ஸ்டுடியோவில் மாற்றிவிட்டார்கள். ஆனால் வாயசைவு அப்படியே இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்த்தால் தெரியும். உயிரோடு இருக்கிற ஒருவன் பேரைச் சொல்லி எங்கள் ஜனம் அழுதிருக்கிறது, அதுவும் சிலுவை போட்ட பெட்டியைச் சுற்றி.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவு சீன் முடிந்ததும், செத்தவராக நடித்தவரை உடனே எழுப்பிக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். கொஞ்சம் ஃபிலிம் அதற்காகவே ஓடும். படத்தில் அது வராது. அந்தச் சிரிப்பு விழுந்தால்தான் சாவு கழியும் என்று நம்பிக்கை. அமிர்தத்துக்கு அந்தச் சிரிப்பு விழவில்லை. காரணம் நான்தான் என்று முப்பத்தொன்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது வேலைக்குப் புதுசு. படப்பிடிப்புக்குக் கொடுத்த கரண்டை நாலு மணிக்கு நிறுத்த வேண்டும் என்று ஓவர்சீயர் உத்தரவு. நாலு அடித்ததும் கம்பத்தடிக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கினேன். ஷெட்டுக்குள் விளக்கு அணைந்தது. “ஐயோ, சிரிப்பு எடுக்கலியே” என்று உள்ளே யாரோ சொன்னது கம்பம் வரைக்கும் கேட்டது. நான் ஃபியூஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். இளவயசுத் திமிர்.

படம் வந்த மாசமே மிக்கேலம்மாள் போனாள். எடை போடும் இடத்தில் கூடையை இறக்கியவள் நிமிரவில்லை. கடைசி வரிசையில் வலது ஓரத்தில் உட்கார்ந்து அழுதவள் அவள். அதற்கு அடுத்தபடி அவள் பக்கத்தில் இருந்த மரியபுஷ்பம், பத்தொன்பது வயசு, மஞ்சள் காமாலை. அப்புறம் அவளுக்கு அடுத்தவள். இப்படியே இரண்டு வருஷத்துக்கு ஒன்று, மூன்று வருஷத்துக்கு ஒன்று. பெட்டிமுடியில் லயத்தையே மூடியது மாதிரிப் பெரிய மண்சரிவு எதுவும் இல்லை. எல்லாம் தனித்தனியான, சாதாரணமான சாவுகள்.

வரிசை யாருக்கும் முதலில் தெரியாது. கொரோனாவில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது சிஞ்சு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு முகத்துக்கும் பேர் எழுதினாள். செத்த வருஷத்தையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தாள். பெட்டிக்குத் தூரத்தில் இருந்தவள் முதலில், கிட்டத்தில் இருந்தவள் பின்னால். ஒரு பிசகு இல்லை.

“வயசானவங்களப் பின்னால உக்கார வச்சாங்க, அவங்க முன்னால போனாங்க. இதுல என்ன இருக்கு?” என்றேன்.

“மரியபுஷ்பம்?” என்று கேட்டாள்.

நான் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். போட்டால் மறந்துவிடுமா? அதற்கப்புறம் அந்த சீனை ரசித்து எவன் எழுதினாலும் பாதியிலேயே ஃபோனைக் கவிழ்த்துவிடுவேன். அழுகிறவர்கள் எல்லாம் செத்துக்கொண்டே வருகிறார்கள், பிணம் மட்டும் உயிரோடு இருக்கிறது என்று எந்த ரசிகனுக்குத் தெரியும்?

பிணம் நன்றாகத்தான் இருந்தது. கவாத்து வெட்டும்போது மரக்கிளை விழுந்து இரண்டு பேர் முதுகு உடைந்தது. நடுவில் நின்ற அமிர்தத்துக்குக் கீறல் இல்லை. ஜீப் உருண்டபோது ஏழு பேரை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். இவன் தூக்குச்சட்டியோடு நடந்து வந்தான். கொரோனாவில் லயமே படுத்தது, இவன் எல்லோருக்கும் கஞ்சி கொண்டுபோனான். செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். பதினெட்டுப் பேர் ஒப்பாரி வைத்தால் எவ்வளவு கெட்டி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கு அதில் சந்தோஷம் இல்லை. அந்தப் பெண்களில் யார் செத்தாலும் குழி வெட்ட அவன்தான் போவான். கூப்பிட வேண்டாம், மண்வெட்டியோடு வந்து நிற்பான். பதினேழு குழி வெட்டியிருக்கிறான்.

பதினெட்டாவது ஆள் அவன் பெண்டாட்டி கத்தரீனாள். பெட்டியின் கால்மாட்டில், அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதவள். படம் வந்த அடுத்த வருஷம் கல்யாணம். நல்ல வாய். என்னையே அடக்குவாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மகள் ஜோமோள் மால்டாவில் நர்ஸ்.

போன ஆடியில் அந்தோணியம்மாள் போனாள். கத்தரீனாளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அழுதவள் அவள். அவள் குழியை மூடிவிட்டு வந்த வாரம் கத்தரீனாளுக்கு மூச்சு வாங்கியது. எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மூன்று வாரத்துக்குள் ஆப்பரேஷன் பண்ண வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் அமிர்தம் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

“துரை, அவ ஆப்பரேசனுக்கு வரமாட்டேங்கா.”

“பயமா?”

“அவளாவது பயப்படுறதாவது. என் முறை வந்துட்டு, கத்தி வச்சா என்ன வைக்காட்டி என்னன்னு சொல்லுதா. ஜோமோள் ஃபோன்ல அழுதுபாத்துட்டா. ஃபாதர் வந்து சொல்லிப்பாத்தாரு. ஒண்ணும் நடக்கல.”

“நீ சொல்லுல.”

“சொன்னேன்.” வாசற்படியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தள்ளினான். “அன்னைக்கு எடுக்காம விட்ட சிரிப்பு இருக்குல்லா, அத எடுத்துக் காட்டுங்க, வாரேன்னு சொல்லுதா.”

எனக்கு வந்த கோபத்தில், “ஒனக்கும் கோட்டி, ஒம் பொண்டாட்டிக்கும் கோட்டி. ஃபோன்ல ஒரு போட்டோ புடிச்சுக் காட்டிட்டு வண்டில ஏத்துல” என்று கத்தினேன்.

“அதே எடத்துல எடுக்கணுமாம். பெட்டில படுத்து எந்திரிச்சு சிரிக்கணுமாம். அன்னைக்குக் கறண்ட நிறுத்துனவரே இன்னைக்குக் கறண்டு குடுக்கணும்னு சொல்லுதா.”

கரண்டை நிறுத்தியது நான்தான். அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடிமாலியில் சவப்பெட்டி செய்கிற ஜோஜோ ஒரு பெட்டி கொடுத்தான். விஷயத்தைச் சொன்னதும், “ஆள் படுத்த பெட்டிய திருப்பி வாங்க மாட்டேன் அண்ணே, பாத்துக்கோங்க” என்று சொல்லித்தான் கொடுத்தான். அவனே ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினான். மஸ்டர் ஷெட் இப்போது யாரும் நுழையாத இடம். தகரம் பாதி போய்விட்டது. எடை போடும் கொட்டகையிலிருந்து வயர் இழுத்து ஒரு விளக்கைத் தொங்கவிட்டேன். மணி மூன்றரைதான், ஆனால் மேகம் இறங்கி ஷெட்டின் அந்தக் கோடி தெரியவில்லை.

கத்தரீனாள் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தாள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். வந்தவுடன் பெட்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, “இங்கன மிக்கேலம்மா. அதுக்கு இங்கிட்டு புஷ்பம். இது ஞானசவுந்தரி” என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் குறுக்கே நடந்த ஜோஜோவைப் பார்த்து, “தம்பி, மிதிக்காத, ஆள் இருக்கு” என்றாள். ஜோஜோ ஜீப்புக்குப் போய்விட்டான். அப்புறம் இறங்கவே இல்லை.

அமிர்தம் பெட்டியில் படுத்தான். அறுபத்துமூன்று வயசில் கண்ணை மூடிப் படுத்தால் எல்லோரும் அப்படித்தான் தெரிவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தெரியவில்லை. சிஞ்சு ஃபோனைப் பிடித்தாள். நான் சுவிட்சைப் போட்டேன்.

கத்தரீனாள் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்தாள். அழுவாள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. “அமிர்தநாதா” என்று எடுத்தாள். நோயாளியின் குரல் இல்லை அது. ஷெட் முழுவதும் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தது ஒரு குரலாக வரவில்லை. பின்வரிசை இடத்திலிருந்து கொஞ்சம் கரகரப்பாக ஒன்று, நடுவிலிருந்து சின்னப் பெண்ணின் குரல் ஒன்று, இப்படி அடுக்கடுக்காக வந்தது. தகரத்தில் காற்று அடித்தால் அப்படித்தான் கேட்கும். சிஞ்சுவின் ஃபோனில் பதிவானதை நான் அப்புறம் மூன்று தடவை கேட்டேன், அதில் ஒரே குரல்தான் இருந்தது. ஆனால் அங்கே நின்றபோது நான் கேட்டது ஒரு குரல் இல்லை. சிஞ்சு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவளும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கத்தரீனாள் சட்டென்று நிறுத்தினாள். “ம். எந்திரிச்சுச் சிரிங்க” என்றாள்.

அமிர்தம் எழுந்து உட்கார்ந்தான். சிஞ்சு, “மாமா, இங்க பாத்து” என்றாள். பார்த்தான். சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தான், மூடினான்.

“என்னால முடியல.”

“முடியாம என்னல? பல்லக் காட்டு, போதும்” என்று நான் கத்தினேன்.

“அன்னைக்கும் முடியல, துரை.” அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். “கறண்டு போனதால ஒண்ணுமில்ல. இந்த வெளிச்சம் போதும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. கேமராவும் ஓடுச்சு. சிரிப்பா சிரிப்பான்னு சொன்னாங்க. நான்தான் சிரிக்கல.”

முப்பத்தொன்பது வருஷம். ஒவ்வொரு சாவு வீட்டிலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன். என் கல்யாணத்தன்று ஒரு சாவு வந்தபோது தாலியைக் கட்டிவிட்டு முதலில் அங்கேதான் ஓடினேன். அவனை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து அறையலாம் போல் இருந்தது.

“ஏன்ல?” என்றேன்.

“எம்பேரச் சொல்லி ஒருத்தரும் அழுததில்ல. அம்மா செத்ததுக்கப்புறம் ஆசையா ஒருத்தர் எம்பேரச் சொன்னதில்ல. அன்னைக்குப் பதினெட்டுப் பேரு சொன்னாங்க. கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். எந்திரிச்சுச் சிரிச்சா, நீங்க அழுததெல்லாம் சும்மான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்லா. அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.” அவன் கத்தரீனாளைப் பார்க்கவில்லை. “அந்தப் பாவத்துக்குத்தான் ஒவ்வொருத்தியா கொண்டுபோய்ப் புதைக்கேன்.”

கத்தரீனாள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அட கிறுக்கு மனுசா,” என்றாள் மெதுவாக. “ஒங்களுக்கு யாரு அழுதா?”

அமிர்தம் நிமிர்ந்தான்.

“எங்க அக்கா செத்த அன்னைக்கு எனக்கு அழ நேரமில்ல. கங்காணி அடக்கம் முடிஞ்ச கையோட மலைக்கு ஏத்திவிட்டான். அந்த அழுகை உள்ள கெடந்துச்சு, அதத்தான் அழுதேன். மிக்கேலம்மா ஓடிப்போன மகளுக்கு அழுதா. ஞானசவுந்தரி அவ புருசனுக்கு. அந்தோணியம்மா ஏன் அழுதான்னு தெரியுமா? காலைல அவ ஆட்டப் புலி அடிச்சிட்டு. அந்த ஆட்டுக்கு அழுதா. ஏதாவது ஒரு பேரு வேணும்லா, ஒங்க பேரப் போட்டுக்கிட்டோம். ஒங்களுக்குன்னு அங்க ஒருத்தி அழல.”

அமிர்தத்தின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு மனுஷனிடம் இருந்த ஒரே சொத்தைப் பிடுங்கினால் எப்படி இருப்பான், அப்படி இருந்தான். இவள் என்ன இப்படிப் பண்ணிவிட்டாள் என்று எனக்குப் பதறியது.

“ஆட்டுக்கா?” என்று கேட்டான்.

“வெள்ளாடு. கறுப்பு” என்றாள்.

முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தான். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் சிரித்து அப்போதுதான் முதல்தடவை பார்க்கிறேன். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. நாற்பது நொடிக்கு மேல் ஃபோன் ஓடியது. கத்தரீனாள் எட்டிப் பார்த்து, “போதும்” என்றாள். “திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

பெட்டியை ஜோஜோ சொன்னபடியே திருப்பி வாங்கவில்லை. ஷெட்டிலேயே மூடிப் போட்டுவிட்டு வந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். திங்கட்கிழமை அமிர்தம் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தான். கத்தரீனாளுக்குப் பச்சை உடுப்புப் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அன்னைக்கு நான் சொன்னதெல்லாம் பொய்.”

“எது?”

“ஆடு. அக்கா. எல்லாந்தான்.” மூச்சு விட்டுக்கொண்டாள். “அவருக்குத்தான் அழுதோம். பதினெட்டுப் பேரும். ஒருத்தருமில்லாத புள்ள அப்படிக் கெடக்கவும் எல்லாருக்கும் நெஞ்சு பொறுக்கல. சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியெல்லாம் அழுதுக்கிட்டுத்தான் போனோம். நான் மறுநாளே எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன், கட்டுனா இவரத்தான் கட்டுவேன்னு.”

“அத அவன்கிட்ட சொல்லேன் தங்கச்சி. சந்தோசப்படுவான்.”

“சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது. சும்மா அழுததுன்னு நம்பித்தானே சிரிச்சாரு? நெசமா அழுததுன்னு தெரிஞ்சா அந்தச் சிரிப்பு செல்லாது. எனக்கு என்ன ஆனாலும் சொல்லாதீங்க. அவரு ஒருத்தருக்காகத்தான் இவ்வளவும். இனிமேலாவது மத்த மனுசங்க மாதிரி இருக்கட்டும்.” என் கையைப் பிடித்து, “சத்தியம் பண்ணுங்க” என்றாள். பண்ணினேன்.

ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. எழுந்து உட்கார்ந்தாள், நர்ஸிடம் சண்டை போட்டாள், கஞ்சியில் உப்பில்லை என்றாள். வீட்டுக்கும் வந்தாள். வந்து ஒன்பதாம் நாள் மத்தியானம், கட்டிலில் சாய்ந்தபடி ஜோமோளோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சை முடிக்கவில்லை. பதினெட்டாவது குழியையும் அமிர்தமே வெட்டினான். ஷெட்டில் கிடந்த அந்தப் பெட்டியில்தான் வைத்தோம். அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள், ஆனால் ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்தியும் எஸ்டேட்டில் மிச்சம் இல்லை. கல்லறையிலிருந்து திரும்பிய அன்று அமிர்தத்துக்குக் காய்ச்சல் வந்தது. நான் பார்க்க அவனுக்கு வந்த முதல் காய்ச்சல் அதுதான். பத்து நாள் படுத்திருந்தான்.

வேந்தருக்குத் திரையுலகில் ஐம்பதாம் வருஷம் என்று டிசம்பரில் விழா வைத்தோம். மறக்க முடியாத பத்துப் படங்களிலிருந்து பத்து சீன்கள், கிளப் ஹாலில் பெரிய திரையில். கடைசியில் ‘மூன்றாம் சங்கு’. அதை எடுத்துவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அமிர்தமே, “போடு, துரை. நான் அதப் பெரிசா பாத்ததே இல்ல” என்றான். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த சீன் வந்ததும் ஹாலில் விசில் பறந்தது. “தலைவா, மூச்சே விடலியே” என்று பின்னால் எவனோ கத்தினான். திரை முழுக்கப் பதினெட்டுப் பெண்கள், ஒருத்தி மிச்சமில்லாமல் செத்துப்போனவர்கள், வாயைத் திறந்து ஒரே பேரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். கால்மாட்டில் இருபது வயசுக் கத்தரீனாள். அவள் கண்ணீர் அவன் பாதத்தில் விழுவதுகூடத் தெரிந்தது. சங்கு ஊதியது.

அமிர்தம் என் பக்கம் சாய்ந்தான்.

“துரை, இங்க பாரு. நெசமா அழுற மாதிரியே இருக்குல்லா?”

அவன் கேட்ட விதத்திலேயே தெரிந்தது, இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஆசை, ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்று இன்னொரு ஆசை. சத்தியம் பண்ணின கையைப் பார்த்தேன்.

“நல்லா நடிச்சிருக்காங்கல” என்றேன்.

“ஆட்டுக்கு,” என்று சொல்லி அமிர்தம் சிரித்தான். இருமல் வரச் சிரித்தான். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவன் பேர் மட்டும் வாயில் வந்துவிடாமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.